கொத்தனார் வீட்டுக் கோழிக்கூடு

ஜூலை 25, வெள்ளி

தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் தூக்கிப்போட எனக்கு மனசு வருவதில்லை. முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம் என்று நெருக்கி அடித்திருக்கிறார்கள். பின்பக்கம் வெள்ளைவெளேரென்று சும்மா கிடக்கிறது. இன்றிலிருந்து அதில் எழுதப்போகிறேன். நான் நாலாம் வகுப்பு. நாலாவதில் பாதி என்று சொன்னால்தான் நியாயம். பாதி வருஷத்தில் டீச்சர் என்னைப் பார்த்து, "பஞ்சவர்ணம், நீ பேசுற பேச்சுக்குப் படிப்பு எதுக்கு" என்றார்கள். நானும் அதை நம்பி வந்துவிட்டேன்.

எழுத என்ன வந்தது என்றால், பேச ஆள் இல்லை. ஆள் இருக்கிறது, பதில் இல்லை. எங்கள் வீட்டுக் கொத்தனார் சோலைமலை, தை மாதம் சாரத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். வலது மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். இடுப்பு எலும்பு கூடிவிட்டது. பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எல்லாம் சேந்துருச்சு, நடங்க, கைய மடக்கி நீட்டுங்க, வேலைக்கே போகலாம்" என்று சொல்லி மூன்று மாதம் ஆகிறது. உள்ளங்கையில் வைத்து அமுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார். அது கட்டிலுக்கு அடியில் அழுக்குப் படாமல் புத்தம் புதுசாக இருக்கிறது. இவர் கக்கூசுக்கு எழுந்து போவார், வருவார், படுப்பார். 'ம்' என்ற ஓர் எழுத்தை வைத்துக் குடும்பம் நடத்துகிறார்.

"அந்தச் சுவத்துல என்னத்தப் பாக்குறீங்க கொத்தனாரே? நீங்க பூசுன சுவருதான? பூச்சு உதிருதான்னு காவல் இருக்கீகளா?" என்று கேட்டேன்.

"ம்."

காலையில் பூமிநாதன் வந்திருந்தான். இவரிடம் கொத்துக்கரண்டி பிடித்துப் பழகி, இப்போது தனியாக வேலை எடுத்துச் செய்கிறான். ஆறேழு மாதமாக எனக்கும் அவன் சைட்டில்தான் சித்தாள் வேலை. ஆடி மாதம் யாரும் புதுவீடு தொடங்க மாட்டார்கள் என்பதால் இப்போது சும்மா இருக்கிறேன்.

"அண்ணே, ஆவணி ஒண்ணாந்தேதி ரெண்டு வீட்டுக்கு அஸ்திவாரம். நீங்க ஒரு சேரைப் போட்டு உக்காந்து சொன்னாப் போதும்ணே" என்றான்.

இவர் சுவரைப் பார்த்தபடியே ஒரு நீளப் பேச்சுப் பேசினார். "சாமானெல்லாம் கொட்டாய்ல கெடக்கு. ஆவணி ஒண்ணுக்கு வண்டி கொண்டாந்து அள்ளிட்டுப் போயிரு. எனக்கு இனிமே வேணாம்."

ஏழு மாதத்தில் முதல் பேச்சு. அதுவும் இது.

பூமிநாதன் என்னைப் பார்த்தான். நான், காபி ஆறுது குடி என்றேன்.

அவன் போனதும் கொட்டகைக்குப் போனேன். தோட்டத்துக் கடைசியில், முருங்கை மரத்தடியில், மூன்று பக்கம் சுவர் எழுப்பி மேலே தகரம் போட்டது. முன்பக்கம் திறந்தே கிடக்கும். கரண்டி, ரசமட்டம், மட்டப்பலகை, தூக்குக்குண்டு, சாரக்கம்பு, சாந்துச் சட்டி என்று முப்பது வருஷத்துச் சாமான் உள்ளே இருக்கிறது. போகிறதைத் துடைத்தாவது அனுப்புவோம் என்று குனிந்தேன். பெரிய சாந்துச் சட்டிக்குள்ளிருந்து 'கர்ர்' என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டுச் செவலைக்கோழி. உடம்பைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்து, என்ன வேணும் உனக்கு என்பது போல என்னை முறைத்தது. அடியில் முட்டை.

தாள் முடிந்துவிட்டது. இது நேற்றுத் தாள்.

ஜூலை 26, சனி

பக்கத்து வீட்டுத் தவமணி மதினியைக் கூட்டிவந்து காட்டினேன்.

"அடிப்பாவி! முட்டையக் காணோமுன்னு பதினஞ்சு நாளா தெரு நாயத் திட்டிக்கிட்டுத் திரியிறேன். இவ ஒன் வீட்டுல வந்து பிரசவம் பாக்குறாளா?" என்று சட்டியோடு தூக்கப் பார்த்தார்கள்.

"இருக்கட்டும் மதினி. எடத்த மாத்துனா அடையக் கலைச்சுப்புடும். குஞ்சு பொரிச்சா ஒங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி."

முட்டை பன்னிரண்டு இருந்தது. ஒற்றைப்படையில்தான் அடை வைக்க வேண்டும் என்று மதினி ஒன்றை எடுத்துவிட்டார்கள். அதை ஆஃபாயில் போட்டு இவருக்குக் கொடுத்தேன். சாப்பிட்டார்.

"இடி இடிச்சா எல்லாம் கூமுட்டையாப் போகும்டி. இரும்பு ஒண்ணு அடியில போட்டு வை" என்று மதினி சொல்லிவிட்டுப் போனார்கள். கைக்குக் கிடைத்தது தூக்குக்குண்டுதான். சுவர் நேராக நிற்கிறதா என்று இவர் தொங்கவிட்டுப் பார்க்கிற இரும்புக்குண்டு, கயிறு சுற்றியபடியே இருந்தது. அதை முட்டைக்கு நடுவில் பொதித்து வைத்தேன். பக்கத்தில் ஆணி டப்பாவும் இருந்தது. ஆனால் துருப்பிடித்த ஆணி கோழிக்குக் குத்திவிடும் இல்லையா?

முன்பக்கம் திறந்து கிடந்தால் கீரி வரும். ஆகையால் கொட்டகையைக் கோழிக்கூடாக மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். முன்பக்கம் மூன்றடிக்குச் சுவர், அதற்கு மேலே கம்பிவலை, ஓரத்தில் ஒரு கதவு. இருபத்தோரு நாளைக்குள் முடிக்க வேண்டும். விரல் விட்டு எண்ணினால் ஆகஸ்ட் 16 வருகிறது. மறுநாள் ஆவணி ஒன்று. இது நான் போட்ட திட்டம் கிடையாது, கோழி போட்ட திட்டம்.

ஜன்னலில் நின்று சொன்னேன். "கொத்தனாரே, ஒங்க கொட்டாய கோழிக்கு விட்டாச்சு."

"ம்."

ஜூலை 27, ஞாயிறு

கோழிக்கு இன்ஜினியரம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் எல்லாரையும் முறைக்கிறாள்.

ஜூலை 29, செவ்வாய்

கோழி இருக்கிற சட்டியைத் தவிர மற்ற சாமானையெல்லாம் காலி செய்தேன். எங்கே வைப்பது? வீட்டில் இருப்பது இரண்டு அறை. அடுப்படியில் எனக்கே இடமில்லை. அதனால் இவர் படுத்திருக்கிற அறைக்குள் கொண்டுவந்து வைத்தேன். கரண்டிகள் ஜன்னல் திண்டில், நூல்கண்டு தலைமாட்டில், மட்டப்பலகையும் ரசமட்டமும் இவர் பார்க்கிற சுவரில் சாய்த்து, நேர் எதிரில். வேறு இடம் இருந்தால் வைக்க மாட்டேனா?

ஒவ்வொன்றையும் தூக்கி வரும்போது, "இத எங்க வைக்கட்டும் கொத்தனாரே?" என்று கேட்டேன். பதினோரு தடவை கேட்டேன். பன்னிரண்டாவது தடவை கேட்பதற்குள், "எங்கிட்டாச்சும் வச்சுத் தொலை" என்றார்.

'ம்' போய் மூன்று வார்த்தை ஆகியிருக்கிறது. நல்ல நாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி முதல் வரி செங்கல் வைத்தேன். மதினி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார்கள்.

"ஆடியில அஸ்திவாரம் போடுறாளே! ஏன்டி, ஒனக்கு அறிவு இருக்கா?"

"ஆடி மனுசனுக்குத்தான் மதினி. கோழி காலண்டர் பாக்குறதில்ல."

இரண்டு முனையிலும் குச்சி நட்டு நூல் கட்டித்தான் வரி பிடிக்க வேண்டும். நூல் கிடைக்கவில்லை. நூல்கண்டு இவர் தலைமாட்டில் இருக்கிறது, தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. கண் மட்டத்துக்கு வைத்தேன். மழைத்தண்ணி ஓடின தடம் போல வளைந்து போயிருக்கிறது. சித்தாளுக்கு இவ்வளவுதான் வரும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

எலுமிச்சம்பழச் சாதமும் தேங்காய்ச் சாதமும் கிண்டினேன். திருப்பூரிலிருந்து மகள் அழகுமீனா போன் பண்ணினாள்.

"அப்பா பேசுறாராம்மா?"

"காது வலிக்கிற அளவுக்குப் பேசுறாருடி. நாந்தான் கொஞ்சம் நிறுத்துங்கன்னு சொல்லிருக்கேன்."

"நெசமாவாம்மா?"

"பின்ன பொய்யா? கோழி வளக்குறோம். வாடி, குஞ்சு தாரேன்."

போனை வைத்தபிறகு பார்த்தால் இவர் திரும்பிப் படுத்திருந்தார். சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்திருந்தார். நான் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

தேங்காய்ச் சாதம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் வைத்தேன். மதினி வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்கள்.

"நான் கல்லுச் சட்டியத் தவிர வேற கல்லத் தொட்டதில்ல. எனக்கே தெரியுதேடி. கீழ்க்கல்லுக்கு நேரா மேக்கல்லு, இடைவெளிக்கு மேல இடைவெளி. கொழந்த தீப்பெட்டி அடுக்குன மாதிரில்ல இருக்கு. ஜாயின்ட்டு மாத்தித்தான வைக்கணும்?"

"அதெல்லாம் மாடி வீட்டுக்கு மதினி."

"கொத்தனார் பொண்டாட்டி கட்டுன சுவருன்னு வெளிய சொல்லிராத."

"கொத்தனார் பொண்டாட்டிதான் மதினி, கொத்தனாரா?" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். மதினிக்குக் காது கொஞ்சம் மந்தம்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. இரண்டு தடவை.

சாயங்காலம் பார்த்தால் ஜன்னல் ஒரு பக்கம் திறந்திருந்தது. காற்றுக்குத் திறந்திருக்கும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. முதல் இடிக்கு முன்பே காற்று வந்து கொட்டகைத் தகரத்தைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு தகரம் மூலையில் பெயர்ந்து டமார் டமார் என்று அடிக்கிறது. உள்ளே இன்ஜினியரம்மா கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, முட்டையைவிட்டு எழுந்திருக்காமல் நடுங்குகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு ஏறினேன். தகரத்தின் மேலே ஒரு செங்கலைத் தூக்கி வைத்தால் போதும்.

"எறங்கு!"

திரும்பிப் பார்த்தேன். வாசற்படியில் நிற்கிறார். மழை மேலே விழுகிறது.

"எறங்குடி! எறங்கு புள்ள! எறங்கு!"

அந்தச் சத்தத்தில் முருங்கை மரத்துக் காக்கை பறந்துபோனது. செருப்பில்லாமல், வேட்டி தடுக்க, இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து அவ்வளவு தூரமும் வந்து டிரம்மை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் செங்கலை வைத்துவிட்டு இறங்கினேன். இரண்டரை அடி உயரம்தான். இறங்கின பிறகும் டிரம்மை விடவில்லை.

"விடுங்க கொத்தனாரே, டிரம்மு எங்கிட்டும் ஓடாது" என்றேன்.

விட்டார். போய்ப் படுத்துவிட்டார். தலையைத் துவட்டிவிட்டேன். உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. மழையில் நனைந்தால் நடுங்கும்தானே.

இந்தச் சத்தத்தை நான் இதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். தை மாதத்தில். அதை எழுத இந்தத் தாள் பத்தாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று பேச்சு இல்லை. ஆனால் ஜன்னல் இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நாலு தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.

காலையில் ஐந்தாவது வரி வைத்துக்கொண்டிருந்தேன். சுவர் இப்போது கோணலாக இருப்பதோடு, முன்பக்கம் குனிந்து கும்பிடவும் ஆரம்பித்திருந்தது. முதுகுக்குப் பின்னால் தொண்டையைச் செருமுகிற சத்தம். திரும்பவில்லை. கலவையை அள்ளினேன்.

"தூக்குக்குண்டு எங்க?"

"எந்தத் தூக்குக்குண்டு?"

"எத்தன வச்சிருக்கேன்? என்னோடது."

"அதுவா? கோழிக்கு அடியில இருக்கு."

காலடிச் சத்தம் இரண்டு எட்டு கிட்டே வந்தது.

"கோழிக்கு அடியில என்னத்துக்குடி வச்ச?"

"முட்டைக்கு இடி தாக்காம இருக்க."

"வீட்டுல ஆணி இல்லையா?"

"அட ஆமா. எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

என்னைத் தாண்டிக் கொட்டகைக்குள் போனார். குனிவதற்கு வெகுநேரம் ஆனது. ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு மெல்ல மெல்ல உட்கார்ந்தார். இடது கையை நீட்டினார். இன்ஜினியரம்மா 'ணங்' என்று ஒரு கொத்து வைத்தாள்.

"ஆ! சனியன்!"

"இடது கைய நீட்டுனா கொத்தத்தான் செய்வா. மரியாதை பாக்குற பொம்பள அவ."

என்னைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார். டிரம்மைக் கட்டிப் பிடித்த அந்த ஒரு நாள் தவிர, ஏழு மாதமாக மடியிலேயே கிடந்த வலது கையை நீட்டினார். கோழி ஒரு கொத்துக் கொத்தியது, ஆனால் சும்மா பேருக்குத்தான். கை உள்ளே போய்விட்டது. விரல் மடங்குகிறது தெரிந்தது. ஒவ்வொன்றாக, ரொம்ப நாள் சாவி போடாத பூட்டைத் திறக்கிற மாதிரி, மெதுவாக. நான் கலவைச் சட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

கையை உடனே எடுக்கவில்லை.

"சூடா இருக்கு புள்ள" என்றார்.

"இருக்காதா பின்ன? உள்ள பதினோரு உசிரு இருக்குல்ல."

"குண்டும் சூடா இருக்கு."

பிறகு எடுத்தார். கயிற்றைப் பிடித்து என் சுவரின் உள்பக்கத்தில் தொங்கவிட்டார். குண்டு ஆடி நின்றது. சுவருக்கும் குண்டுக்கும் நடுவே மேலே கை நுழைகிற இடைவெளி, கீழே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டார்.

"இது சுவரா? இது சுவராடி? சாராயம் குடிச்சவன்கூட இதவிட நேரா நிப்பான். இதுக்குப் பக்கத்துல குஞ்சு போச்சுன்னா மேல விழுந்து கொல்லப்போகுது. ஜாயின்ட்டு மேல ஜாயின்ட்டு! ஒரு அரைக்கல்லு ஒடச்சு வைக்க ஒனக்குக் கை வரலையா? ஒன்னையெல்லாம் எவன்டி வேலைக்குச் சேத்தான்?"

"நீங்கதான் கொத்தனாரே. இருபத்தாறு வருசம் ஆச்சு."

ஏழு மாதத்துத் திட்டையும் மொத்தமாக இன்றைக்கே திட்டித் தீர்த்தார். வேலியோரம் மதினி வந்து நின்று, "என்னடி சண்டை?" என்று கேட்டார்கள். "சண்டை இல்ல மதினி, சங்கீதம்" என்றேன்.

சட்டிக்குள் குண்டுக்குப் பதிலாக ஓர் ஆணியைப் போட்டு வைத்தேன். துருவைத் தேய்த்துவிட்டுத்தான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சுவரை முழுக்க இடித்துத் தள்ளினார். பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தபடியே, இடது கையால் சுத்தியலைப் பிடித்து அரை நாள் இடித்தார். பிறகு நூல் கட்டினார். கரண்டியை வலது கையில் வாங்கினார். முதல் கரண்டிக் கலவை பாதி கீழே விழுந்தது. நான் பார்க்காத மாதிரி செங்கலை நனைத்துக்கொண்டிருந்தேன். பத்தாவது கரண்டிக்கு விழவில்லை.

நான் கல்லை எடுத்துக் கொடுக்க, அவர் வாங்கி வைத்தார். பழையபடிதான். கேட்காமலே எந்தக் கல் என்று எனக்குத் தெரியும், பார்க்காமலே கை நீட்டினால் அங்கே கல் இருக்கும். இரண்டு வரி முடிந்ததும் சொன்னார்.

"எந்திரிக்க முடியாமத்தான் கெடந்தேன்னு நெனச்சியா?"

"பின்ன?"

"நான் எந்திரிச்சா வேலைக்குப் போகணும். நான் போனா நீ சட்டியத் தூக்கிட்டுப் பின்னாடியே சாரத்துல ஏறுவ."

"நீங்க படுத்துக் கெடந்தப்பவுந்தான் ஏறுனேன்."

"தெரியும். ஒவ்வொரு நாளும் தெரியும். அந்தச் சுவத்துக்கு அங்கிட்டுத்தான தெரு? சாயங்காலம் ஒஞ்செருப்புச் சத்தம் வருதான்னு கேட்டுக்கிட்டே கெடப்பேன். வந்தப்பறந்தான் மூச்சு வரும். போகாதன்னு சொல்லலாம். சொன்னா சோத்துக்கு என்ன செய்யிறது? வேலைக்குப் போகாதவன் எப்புடிச் சொல்லுவேன்?"

நான் இத்தனை நாள் அதைப் பூச்சு பார்க்கிற சுவர் என்று கேலி பண்ணினேன்.

எழுதிவிடுகிறேன். தை மாதம், இரண்டாவது மாடி. கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாரப்பலகையில் கால் வைத்தேன். பலகை ஈரமாக இருந்தது. வழுக்கியது எனக்குத்தான். 'புள்ள' என்று கத்திக்கொண்டு இவர் பிடிமானத்தை விட்டுவிட்டு வந்து என்னைப் பிடித்துப் பலகைமேல் தள்ளினார். நான் பலகையில் கிடந்தேன். இவர் அதில் இல்லை.

ஊரில் எல்லாரிடமும், இவர் கால் வழுக்கி விழுந்தார் என்றுதான் சொல்லியிருக்கிறேன். இவரும் அப்படியே விட்டுவிட்டார்.

"எனக்கு இருக்கது ரெண்டு கை. ஒண்ணு போச்சு. இன்னொரு தடவ நீ வழுக்குனா எதவச்சுப் பிடிப்பேன்?" என்றார் இவர்.

"நான் அம்புட்டுக் கனமா கொத்தனாரே?" என்று கேட்டேன்.

கலவைக்குத் தண்ணீர் பத்தவில்லை. குழாயடிக்குப் போனேன். குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தது. வாளி நிறைய வெகுநேரம் ஆனது.

ஆகஸ்ட் 13, புதன்

சுவர் முடிந்தது. குண்டு தொங்கவிட்டுக் காட்டினார். மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளி. கம்பிவலை அடித்தாயிற்று. கோழி ராத்திரி ஏறி உட்காருவதற்குக் குறுக்குக் கம்பு வேண்டும். உள்ளே போய்ச் சாரக்கம்பு அத்தனையையும் இழுத்துவந்தார். ரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தார்.

"அய்யய்ய, நல்ல கம்பு! எதுக்கு எல்லாத்தையும் அறுக்குறீங்க?"

"இதுல இனிமே கோழி ஏறட்டும். நீ ஏறாத."

அறுத்து முடிக்கும்வரை நான் கம்பைப் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

காலையில் சட்டிக்குள் கீச் கீச். பதினொன்றில் ஒன்பது பொரித்துவிட்டது. இரண்டு கூமுட்டை. மதினி, "நீ குண்ட எடுத்தியே, அதாண்டி" என்றார்கள். "இவரு போட்ட சத்தத்துல போயிருக்கும் மதினி" என்றேன்.

கடைசிக் குஞ்சு ஓட்டுக்குள் தலையை மாட்டிக்கொண்டு தவித்தது. இவர் வாளியில் உட்கார்ந்து, வலது கை விரலால் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தார். டாக்டர் கொடுத்த பந்தை ஒரு நாளும் அமுக்காத விரல். ஈரக் குஞ்சு உள்ளங்கையில் படுத்துத் தூங்கிவிட்டது. கையை அசைக்காமல் ஒரு மணிநேரம் அப்படியே இருந்தார். நான் காபியை ஊட்டி விட்டேன். மதினி பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

நாளைக்கு ஆவணி ஒன்று. சாமானைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எட்டு மணிக்குப் பூமிநாதன் லோடு ஆட்டோவோடு வந்து நின்றான். நான் வாசல் தெளித்த இடத்தையே திரும்பத் தெளித்துக்கொண்டிருந்தேன். இவர் கோழிக்கூட்டுக்குள்ளிருந்து குனிந்து வெளியே வந்தார். தலைமுடியில் தவிடு.

"வாப்பா. சாரக்கம்பு இல்ல, கோழிக்கு ஆயிருச்சு. பெரிய சட்டியும் இல்ல, அதுல ஆள் இருக்கு."

"சரிண்ணே. மிச்சத்த ஏத்தட்டுமா?"

இவர் கூட்டுச் சுவரைத் தடவினார். "மிச்சம் எனக்கு வேணும்."

பூமிநாதனுக்கு வாய் திறந்தது மூடவில்லை.

"உசரத்து வேலை செய்ய மாட்டேன். தரையில நின்னு கட்டுற வேலை இருந்தாச் சொல்லு. காம்பவுண்டு, தொட்டி, அடுப்பு, மாட்டுக்கொட்டாய், எதுவா இருந்தாலும் சரி. ரெண்டு கொத்தனார் வருவோம்."

"இன்னொருத்தர் யாருண்ணே?"

இவர் கரண்டியை நீட்டி என்னைக் காட்டினார். வாளித் தண்ணீர் என் காலிலேயே கொட்டியது.

"அக்காவா? அக்கா சித்தாளுல்லண்ணே?"

"இவ கட்டுன சுவர இடிக்க எனக்கு அரை நாள் ஆச்சுடா. அம்புட்டுக் கெட்டி. கலவை ஒரு பொட்டு கூடல, கொறையல. கோணலாத்தான் இருந்துச்சு, அத நான் பாத்துக்கிறேன்."

பூமிநாதன் சிரித்த சிரிப்பில் குஞ்செல்லாம் தாய்க்கு அடியில் ஓடின. வெறும் வண்டியோடு போக வேண்டாம் என்று முருங்கைக்காய் கட்டிக் கொடுத்தேன்.

அவன் போனபிறகு இவர் இரண்டாவது கரண்டியைத் துடைத்து என் கையில் கொடுத்தார். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"ம்" என்றேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இதை எழுதுவது சோலைமலை. அவள் தவிடு வாங்கப் போயிருக்கிறாள். தாளெல்லாம் தவிட்டு டப்பாவுக்குள் இருந்தது. எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

நூல் கிடைக்கவில்லை என்பது பொய். அன்றைக்கு நான் தூங்கவில்லை. குண்டுதான் கைக்குக் கிடைத்தது என்பதும் பொய். மதினிக்குக் காது மந்தம் என்பது எல்லாவற்றிலும் பெரிய பொய். அந்த அம்மாளுக்குப் பாம்புக்காது.

இருபத்தாறு வருஷம் என்கூட நின்றவள் ஜாயின்ட் மேல் ஜாயின்ட் வைக்க மாட்டாள். இரண்டாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், அந்த மழை நாளைத் தவிர, ஐந்து நாள் வெளியே வராமல் ஜன்னலிலேயே கிடந்தேன். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. இந்தத் தாளில் எழுதி டப்பாவுக்குள் போட்டுவிடுகிறேன், படித்துக்கொள்ளட்டும். மணிக்கட்டில் தகடு இருக்கிறது, எழுத்துக் கோணலாக வருகிறது.

அவள் ஒவ்வொரு கல்லையும் முதலில் நேராகத்தான் வைத்தாள். கைப்பழக்கம். மட்டம் சரியாக, இம்மி பிசகாமல் உட்காரும். அப்புறம் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். பார்த்துவிட்டு, கட்டைவிரலால் அந்தக் கல்லைக் கொஞ்சமாகத் தள்ளுவாள்.

நான் அந்தக் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.